எண்ணெய் காயும் சத்தம்தான் வருதாம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கப்பாவும் அக்காவும் குழந்தையும் நல்ல சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய், சளிகூட இல்லை, குரல் கணீரென்று இருக்கிறது. எப்படித் தெரியும் என்று முழிக்காதே, சொல்கிறேன். முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன், அப்புறம் உன்னிடம் வருகிறேன்.

நீ அந்த ரேடியோவை அனுப்பிவிட்டு போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. அம்மா, பொழுது போகலன்னு பொலம்பாம இதைக் கத்துக்கோ, இது சும்மா ரேடியோ இல்ல, ஷார்ட் வேவ், கடல் தாண்டி வரும், நான் இருக்குற ஊர்லேருந்தே சாயங்காலம் அரை மணி நேரம் தமிழ்ல பேசுறாங்க, கேட்டா என் பக்கத்துல உக்காந்திருக்குற மாதிரி இருக்கும் என்றாய். கப்பல்காரங்க தந்தி அடிக்கிறதுகூட சில நேரம் காதுல விழும், விட்டு விட்டு கிர்ர் கிர்ர்னு வரும் என்றும் சொன்னாய். அது ஒன்று போதாதா எனக்கு. மறுநாளே கப்பல் பிடித்துவிட்டேன். ஜன்னலோரம் ரேடியோவை வைத்துத் திருகினால் எங்கே திருகினாலும் கிர்ர், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி கிர்ர்ர் என்று நீளமாக. சலவைக்கூடத்தில் எனக்கு எதிரே நின்று ஆஸ்பத்திரி விரிப்பு மடிக்கிறாளே நெட்டச்சி, அவளிடம் ஒவ்வொரு நாளும் கப்பல் சமாசாரம் சொன்னேன். இன்னைக்கு என்ன சொல்றாங்களாம் என்பாள். சரக்கு ஏத்திட்டாங்க, கிளம்பிட்டாங்க என்பேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கப்பல் சரியாக ஓய்வெடுக்கும், கட்டுப்பாடான கேப்டன் என்று அவளே பாராட்டினாள். அப்புறம் கீழ்வீட்டுத் தையல்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போனார், கப்பல் மூழ்கிவிட்டது. நெட்டச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. தையல்காரர் திரும்பி வந்தார், கப்பலும் மிதந்தது. அவர் மிஷினில் மாட்டியிருக்கும் மோட்டார்தான் அத்தனை நாளும் எனக்குச் செய்தி வாசித்திருக்கிறது. அவர் ரவிக்கைக்குக் கை மூட்டியதைத்தான் நான் கடல் பயணம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான், நீ போனில் ரேடியோ எப்படிம்மா இருக்கு என்று கேட்டபோது, என்னடா ரேடியோ, எண்ணெய் காயுற சத்தம்தான் வருது என்று சொல்லி வைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நீ அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஆனால் உன் அம்மா அத்தோடு விட்டுவிட்டாள் என்று நினைத்தாயா. ரேடியோவைத் துணியில் சுற்றிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். அந்த மனுஷன் திருகிப் பார்த்துவிட்டு, ரேடியோவுக்கு ஒண்ணுமில்ல, நீங்க இருக்குற இடம்தான் ரிப்பேர் என்றார். மோட்டாரும் டியூப் லைட்டும் இல்லாத பக்கமாகக் கொண்டு போகவேண்டுமாம், நீட்டு ஒயர் ஒன்றை வெளியே இழுத்துக் கட்டவேண்டுமாம், பகலில் உட்கார்ந்து திருகாமல் வெயில் தாழ்ந்த பிறகு திருகவேண்டுமாம், அதுவும் காலில் முள் எடுப்பது போல மெதுவாக. பழைய மோட்டாரிலிருந்து உருவிய செம்பு ஒயர் ஒரு சுருள் கொடுத்தார். வீட்டிலேயே சத்தமில்லாத இடம் மாடி அறை, உன் அறைதான். ரேடியோவை அங்கே ஜன்னல் திட்டில் வைத்து, ஒயரை ஜன்னல் வழியாக விட்டு, மொட்டைமாடிக்கு நெடுக்காகத் தண்ணீர்த் தொட்டிக் குழாய் வரைக்கும் கட்டினேன். கொடி கட்டுவதில் எனக்குப் பாடம் எடுக்க ஆள் கிடையாது. இரும்பில் படக்கூடாது என்று சொல்லியிருந்தார், அதனால் அந்த முனையில் நைலான் கயிறு, நடுவில் தொய்யாமல் இருக்க பிளாஸ்டிக் கிளிப்புகள். இந்த முனையை ரேடியோவின் குச்சியில் எட்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன், யானை இழுத்தாலும் அவிழாது. இதுல யாரும் துணி போடக்கூடாது என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். உங்கப்பாவிடம் சொல்லவில்லை, கைக்குட்டையைக்கூடக் காயப்போட்டு அறியாத மனுஷனிடம் சொல்லி என்ன. அவர் வந்து பார்த்துவிட்டு, ஏண்டி, ஆஸ்பத்திரித் துணியெல்லாம் முடிஞ்சு போய் இப்ப ஒயரைக் காயப்போடுறியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்து திருகினேன். கரகரப்பு, விசில், யாரோ பாட, யாரோ சண்டை போட, அதற்கெல்லாம் நடுவிலிருந்து ஒரு பெண் குரல் வணக்கம் நேயர்களே என்றது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் வருவாள், தூரப் போவாள், ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற மாதிரி. நான் மூச்சுவிட்டால் போய்விடுவாளோ என்று பயம். விரிப்புகளில் வார்டு நம்பர் போடும் சிவப்பு மையை ஒரு சொட்டு கொண்டுவந்து முள் நின்ற இடத்தில் கண்ணாடி மேல் வைத்துவிட்டேன். அப்புறம் தினமும் அவளோடுதான் என் சாயங்காலம். உன் ஊரில் மழையா, வெயிலா, எந்தப் பாலத்தில் நெரிசல் எல்லாம் எனக்கு அத்துப்படி. போன மாசம் நீ பஸ் லேட்டும்மா என்று சொன்னாயே, வேலைநிறுத்தம் என்று எனக்கு முந்தின நாளே தெரியும், தெரியாத மாதிரி ஐயோ பாவம் என்றேன். நேயர் கடிதம் போட்டால் படம் போட்ட அட்டை அனுப்புவார்களாம், அவளுக்கு ஒன்று எழுத வேண்டும் என்றுகூட இருந்தேன். உன்னிடம் மட்டும் எண்ணெய் காயும் சத்தத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் தெரியுமா, லீவுக்கு வருகிறேன் என்று சொன்னாயே, வந்ததும் உன்னைக் கட்டிலில் உட்காரவைத்து ஒரே திருகில் உன் ஊரைக் கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்தவேண்டும், நீ வாயைப் பிளக்கவேண்டும், அதைப் பார்க்கவேண்டும். உங்கப்பா அந்த அறைக்குத் தன் கையாலேயே வெள்ளையடித்தார், கட்டிலின் ஆடுகிற காலுக்கு ஆப்பு வைத்தார். உனக்கென்று ஒரு கம்பளி வாங்கி, கவர்கூடப் பிரிக்காமல் கட்டிலில் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண், இன்று நம் நகரில் வாழும் ஓர் இளைஞர் நம்மோடு பேச வந்திருக்கிறார், உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்றாள். உன் வேலையாயிற்றே என்று காதை ரேடியோவோடு ஒட்டிக்கொண்டேன். அவள் உன் பேரைச் சொல்வதற்கு முன்னாலேயே நீ வந்து என்றாய் பார், பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் வந்து, வந்து என்பாயே, அந்த ஒரு வந்துவில் தெரிந்துகொண்டேன். நான் போட்ட கூச்சலில் உங்கப்பா பாதி முகம் சவரம், பாதி முகம் நுரையோடு மாடிக்கு ஓடிவந்தார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னக்கா ஆச்சு என்று என்னைக் கேட்டுக்கொண்டே தையல்காரர் தானாகவே மிஷினை நிறுத்திவிட்டு மேலே வந்தார், அதுவல்லவா மரியாதை. எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். என் பிள்ளை கடல் தாண்டிப் பேசுறான் பாருங்க என்று நான் சொன்னதை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எவ்வளவு அழகாகப் பேசினாய். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கிழவர் உனக்குக் கதை சொன்னது, நீ வெளியிலிருந்து பதில் சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தது, எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவள், ஊருக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டாள். வந்து, இந்த வருஷம் வரேன்னு வீட்ல சொல்லியிருக்கேன், ஆனா போகப்போறதில்ல, இங்கயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன் என்றாய். அம்மாவுக்குத் தெரியுமா என்றாள். தெரியாது, இங்க தைரியமாச் சொல்றேன், அவங்களுக்கு ரேடியோ வாங்கிக் குடுத்தும் எண்ணெய் காயுற சத்தம்தான் வருதாம் என்று சொல்லிச் சிரித்தாய். அவளும் சிரித்தாள். தினமும் என்னோடு உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அப்படி என்ன காரணம் என்று கேட்டாள். நீ, வந்து, அது என்னன்னா என்றாய், அத்தோடு குரல் கீழே கீழே போய்விட்டது. நான் திருகுகிறேன், உங்கப்பா ஒயரைக் கையில் பிடிக்கிறார், தையல்காரர் இடப்பக்கம், இடப்பக்கம் என்கிறார், வெறும் இரைச்சல். குரல் திரும்பி வந்தபோது நீ நன்றி வணக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பாட்டு போட்டுவிட்டார்கள்.

தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். விடுங்கக்கா, என்னைக்காவது ஒரு நாள் உங்களுக்குத் தெரிஞ்சுதானே ஆகணும் என்றார். அது என்ன உங்களுக்கு, அப்ப உமக்கு எப்பய்யா தெரியும் என்றேன். அவர் உன் அக்காவைப் பார்த்தார். அக்கா குழந்தையின் வாயைத் துடைத்தாள், சுத்தமாக இருந்த வாயைத் துடைத்துத் துடைத்துக் குழந்தையை அழவைத்தாள். ஆக, அக்காவுக்குத் தெரியும், அக்கா சொல்லித் தையல்காரர் பெண்டாட்டிக்குத் தெரியும், அவள் சொல்லி அவருக்குத் தெரியும், அந்த ரேடியோக்காரிக்குத் தெரியும், அன்றைக்கு ரேடியோ வைத்திருந்த ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். பெற்றவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. உங்கப்பா மட்டும் நுரை காய்ந்த முகத்தோடு, எனக்கென்னடி தெரியும், நானும் உன்னை மாதிரிதான் என்றார். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஆளாவது மிச்சம் இருக்கிறாரே என்று நம்பினேன். அக்கா அழுதுகொண்டே, அம்மா, காரணம் என்னன்னு நான் சொல்லிடுறேன் என்று வந்தாள். காதைப் பொத்திக்கொண்டேன். இன்னொருத்தர் வாயால் இனிமேல் உன் சமாசாரம் எனக்கு வேண்டாம்.

கோபம் நீ வராததற்கு இல்லையடா. இருக்கவேண்டுமானால் இரு, உன்னை நான் என்ன கொடியில் கிளிப் போட்டா வைத்திருக்கிறேன். எனக்குக் குத்துவது வேறு. போனில் என்னிடம் நீ பேசுவது ம், சரிம்மா, சாப்பிட்டேன்மா, அப்புறம் பேசுறேன்மா. என் பிள்ளைக்கு அவ்வளவுதான் பேச்சு, அப்பன் மாதிரி ஊமைக்கோட்டான் என்று நானே நெட்டச்சியிடம் சமாதானம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, உன்னிடம் அத்தனை வார்த்தை இருக்கிறது, எடுத்துக் கொடுக்கத்தான் மனசில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி மைக்கை நீட்டியதும் அரை மணி நேரம் கொட்டிவிட்டாய். உன் பேச்சை நான் கேட்பதற்கு எனக்கு ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்திருக்கிறாய், ரொம்பப் பொருத்தமான சாமான்தான் வாங்கினாய். நீயும்தானேம்மா பொய் சொன்ன என்பாய், தெரியும். நான் சொன்ன பொய்க்கு நீ சிரித்தாய். நீ சொன்ன பொய்க்கு நாங்கள் ஒரு அறைக்கு வெள்ளையடித்தோம். இரண்டும் ஒன்றா.

இப்போது ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். தையல்காரர் ஏதாவது பொண்ணா இருக்கும்க்கா என்கிறார், அவர் தெரிந்தே ஆழம் பார்க்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்றும் விளங்கவில்லை. நெட்டச்சி, பெரிய பதவி குடுத்திருப்பாங்க என்று விரிப்பை உதறுகிறாள். உங்கப்பா மட்டும் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். பெண் என்றால் போட்டோ அனுப்பு, யார் என்ன என்று கேட்கமாட்டேன், முகத்தைப் பார்க்கவேண்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் ஒரு நிமிஷம்கூட மறைக்காதே, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் நான், எந்த வார்டிலிருந்து எந்த மாதிரி விரிப்பு வரும் என்று பார்த்துப் பழகியவள், பயந்துவிடமாட்டேன். எங்களோடு வந்து இருக்கவே பிடிக்கவில்லை, கூச்சமாக இருக்கிறது என்றால் அதையும் எழுது. தையல் மிஷினைக் கப்பல் என்று சொன்னவளுக்கு அந்த அவமானத்தையும் தாங்க முடியும். மென்று முழுங்காதே, பூசி மெழுகாதே, அவ்வளவுதான்.

அந்த நிகழ்ச்சியை நாளை விடியற்காலையில் மறுபடியும் போடுவார்கள். ஒவ்வொரு ஞாயிறு நிகழ்ச்சியையும் அடுத்த வாரம் ஒரு நாள் அப்படித்தான் போடுகிறார்கள், சிவப்புப் புள்ளிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் வரும், காலையில் இரைச்சலும் குறைவு, ஒரு சொல் விடாமல் கேட்கலாம். நான் கேட்கமாட்டேன். தீர்மானமாகச் சொல்கிறேன், கேட்கமாட்டேன். அவளிடம் சொன்னதைப் பக்கத்து அறையில் ஒளிந்திருந்து கேட்கிற மாதிரி நான் ஏன் கேட்கவேண்டும். எனக்குச் சொல்லவேண்டியதை எனக்குச் சொல். போன் பண்ணாதே, போனில் நீ ம் கொட்டுவாய், நான் அழுவேன், லைன் போய்விடும். எழுது. உனக்கு எழுத்து அழகு, எனக்குப் படிக்க நேரமாகும், ஆகட்டும், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

மற்றபடி வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குழந்தைக்குப் பல் முளைத்து என் விரலைத்தான் கடிக்கிறது. சலவைக்கூடத்தில் பெரிய மிஷின் ஒன்று நின்றுபோய் இரண்டு நாளாகக் கையால் அலசுகிறோம், நீ இருந்தால் ஒரு தட்டு தட்டியிருப்பாய். லிஃப்டுக்கு அடியில் இறங்கும்போது மேலே ஆள் நிறுத்திவிட்டு இறங்கு, அவசரம் என்று எவன் கத்தினாலும் இறங்காதே. ராத்திரி ஈரத் தலையோடு படுக்காதே. எப்போதாவது நீயும் ரேடியோ கேட்கப் பழகுவதாயிருந்தால், முதலில் வீட்டில் ஓடுகிற மோட்டாரையெல்லாம் நிறுத்து, விளக்கை அணை, அப்புறம் மெதுவாகத் திருகு, கரகரப்பு வந்ததும் அலுத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடாதே, கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் அதற்குள்ளே யாராவது ஒருத்தர் பேசிக்கொண்டிருப்பார்கள். இது ரேடியோவுக்கு மட்டும் சொல்லவில்லை.

நீ எங்கே இருந்தாலும் உன் கைக்கும் காலுக்கும் ஒரு கீறல் வராமல் இருக்கவேண்டும், நாலு பேர் உன் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கவேண்டும், அந்த நாலு பேரில் நான் இல்லாவிட்டாலும் சரி. பதில் போட மறக்காதே. அறையில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை, அது போவதற்குள் உன் கடிதம் வரவேண்டும்.

இப்படிக்கு, கப்பல் பிடித்த உன் அம்மா.

பின்குறிப்பு. உறை ஒட்டுவதற்குள் விடிந்துவிட்டது. கேட்கமாட்டேன் என்று எழுதியது எழுதியதுதான், இருந்தாலும் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரேடியோவைப் போட்டேன். ரொம்பத் தெளிவாக வந்தது. கிழவர் கதை வந்தது, எண்ணெய் வந்தது, அவள் சிரித்தாள். என்ன காரணம் என்று கேட்டாள். நீ வந்து, அது என்னன்னா என்றாய். அந்த நேரம் பார்த்து உங்கப்பா மொட்டைமாடியில் ஒரு கம்பளியைத் துவைத்து, பிழியாமல், என் ஒயரின் மேல் காயப்போட்டார். ஒயர் இறங்கியது. முடிச்சு அவிழவில்லை. ரேடியோ ஜன்னல் வழியாக வெளியே போய் அவருடைய வாளிக்குள் விழுந்தது. வாளியில் சோப்புத் தண்ணீர் இருந்தது. எனக்கென்னடி தெரியும் என்று சொன்ன மனுஷன், கம்பளி ரொம்ப அழுக்கா இருந்துச்சு என்கிறார். உனக்கு வாங்கி வைத்த கம்பளி அது. கவர் வாளிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.